சங்வியின் சல்லடை: கரிசல் நாட்டு உறவு மணமும் ஆட்டிசமும் குறித்து ஒரு மறுவாசிப்பு

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் கோவில்பட்டி வட்டாரத்தில் பெரும்பாலும் அடுத்து வரும் கேள்வி, "சொந்தத்துல முடிச்சதா?" என்பதே. அக்காள் மகளும் மாமன் மகளும் முறைப்பெண் என்றிருக்கும் இம்மண்ணில் இதற்கு இரண்டு மறுமொழிகள் உலவுகின்றன. உறவு மணமே காரணம் என்பது ஒன்று. பாட்டன் காலத்திலிருந்தே இப்படித்தான் கட்டிவருகிறோம், நமக்கு ஒன்றும் ஆகாது என்பது இன்னொன்று. இரண்டாவது மறுமொழிக்கு அறிவியல் உரு கொடுத்தவர் மரபியலாளர் எல்.டி. சங்வி. அவரோடுதான் எனக்கு வழக்கு.

1966இல் சங்வி முன்வைத்த கருத்து எளிமையானது. தென்னிந்தியாவில் நெருங்கிய உறவுக்குள் மணம் பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. கேடான ஒடுங்கு மரபணுக்கள் தாய்வழியும் தந்தைவழியும் ஒன்றுகூடும்போதெல்லாம் அக்குழந்தைகள் வாரிசின்றி மறைந்திருப்பார்கள். அவர்களோடு அந்த மரபணுக்களும் போயிருக்கும். நீண்டகால உறவு மணம் சல்லடைபோலச் சலித்துவிட்டது என்பதே இதன் சாரம். 1977இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ராவும் இன்பராஜும் வடார்க்காட்டு ஆய்வை வெளியிட்டார்கள். உறவில் மணந்தோருக்கும் அல்லாதோருக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை என்றார்கள். சங்வியின் சல்லடை உறுதிப்பட்டதாகவே பலர் எடுத்துக்கொண்டனர்.

அவர்கள் எதை எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும். கருச்சிதைவு, செத்துப் பிறத்தல், குழந்தைச் சாவு, பிறவி ஊனம். பேறுகால வீட்டில் கண்ணுக்குத் தெரிபவை மட்டும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையைப் பிறந்த அன்று யார் கண்டார்? ஒன்றரை, இரண்டு வயதுக்குப் பின் துலங்கும் மூளை வளர்ச்சி மாறுபாடு அந்தக் கணக்கில் விழவே வழியில்லை. வேலூர் ஆய்வின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. அதை மூளைக்கும் நீட்டுவதில்தான் பிழை.

சல்லடை வாதத்தை அசைக்கும் ஒரு மரபணுத் திரிபு உண்டு. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதியும் கூட்டாளிகளும் 2006இல் அறிவித்தது அது. பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியில் 307ஆம் இடத்தில் லியூசின் இருக்க வேண்டும். ஆரிய வைசியச் சமூகத்தார் சிலரிடம் அங்கே புரோலின் இருக்கிறது. அம்மரபணுவின் இரு பிரதியும் அப்படி அமைந்தவருக்கு அன்றாட வாழ்வில் குறையேதும் தெரியாது. அறுவை மேசையில் தசை தளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்தை ஏற்றினால் மட்டும், சில நிமிடங்களில் தெளிய வேண்டிய தசைகள் மணிக்கணக்கில் தெளியாமல் மூச்சு நின்றுபோகும். மரபணு பாதி, மருந்து பாதி. இரண்டும் சந்திக்காத ஆளுக்கு நோயே இல்லை. இச்சமூகம் மிகச் சிலரிலிருந்து பெருகத் தொடங்கியது நூறு தலைமுறைக்கு முன்னால் என்று 2009இல் ரைக், தங்கராஜ் குழு கணித்தது. நூறு தலைமுறை சலித்தும் இந்தத் திரிபு போகவில்லை. பிற சமூகங்களைவிட இங்கே பன்மடங்கு மிகுதி. மணமக்கள் ஒருவருக்கொருவர் உறவே இல்லை என்று குடும்பத்தார் சத்தியம் செய்தாலும், சாதிக்குள் மணந்திருந்தால் இரு பிரதியும் கூட வாய்ப்புண்டு.

சாகடிக்காத திரிபைச் சல்லடை பிடிக்காது, அதில் என்ன வியப்பு என்று சங்வியின் தரப்பு கேட்கலாம். அதுவே என் வாதமும். ஆட்டிசத்தில் பங்குள்ள மரபணுக்களில் பெரும்பகுதி தனித்தனியே மிகச் சிறு விளைவுடையவை. பெற்றோரிடம் அவை ஓசையின்றி இருக்கும். வன்மையானவற்றில் பல, பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுபவை. தந்தையின் வயது ஓராண்டு கூடினால் இத்தகைய புதிய மாற்றங்கள் ஏறத்தாழ இரண்டு கூடும் என்கிறது 2012இன் ஐஸ்லாந்து ஆய்வு. நேற்று முளைத்ததை முப்பாட்டன் சல்லடை என்ன செய்யும்?

கரிசலுக்கு வருவோம். இங்குள்ள தெலுங்கு பேசும் வேளாண்குடிகள் வடக்கிருந்து பெயர்ந்தவர்கள் என்பது வாய்மொழி மரபு, கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' அதில் வேர்கொண்டது. வந்தது எப்போது? குமார கம்பணன் படையெடுப்பை ஒட்டி என்றால் 14ஆம் நூற்றாண்டு. மதுரை நாயக்கர் ஆட்சியோடு என்றால் 1529க்குப் பின். தலைமுறைக்கு 25 ஆண்டு வைத்தால் முன்னது சுமார் 26, பின்னது 20. அலை அலையாக வந்திருந்தால் இரண்டுமே சரியாகலாம். மரபணு நோக்கில் ஆண்டைவிட முக்கியம், எத்தனை குடும்பங்கள் வந்தன என்பது. கூட்டம் சுருங்கியது வழியிலா, அதற்கு முன்பே ஆந்திரத்திலா என்பதையும் இந்தத் தேதிகளைக் கொண்டு தீர்க்க முடியாது. ஆயினும் இங்கே கேட்க வேண்டிய கேள்வி "சொந்தமா?" என்பதல்ல, "எத்தனை பேரிலிருந்து பெருகினீர்கள்?" என்பதே என அழுத்திச் சொல்வேன். சான்று மெலிந்த இடம்தான் இது.

உறவு மணமே காரணம் என்னும் எதிர்முனைக்கும் ஒரு சொல். உறவு மணத்தில் ஆட்டிச வாய்ப்பு மூன்று மடங்குக்குச் சற்று மேல் என்ற 2015ஆம் ஆண்டு இந்திய ஆய்வைச் சிலர் தீர்ப்பாக்கிவிட்டார்கள். நெருங்கிய உறவில் மணந்த மேற்காசியக் குடும்பங்களில் ஒடுங்கு மரபணுக் காரணங்கள் 2008இலேயே கண்டறியப்பட்டன. ஆகவே அத்தொடர்பை நான் மறுக்கவில்லை. ஆனால் விகிதம் வேறு, ஒரு குழந்தையின் காரணம் வேறு. முறைமாமனைக் கட்டிய தாயிடம் அந்த எண்ணைக் காட்டிக் குற்றம் சுமத்த இடமில்லை.

மரபணுவோடு சூழலையும் பார்க்க வேண்டும். வேலூர் ஆய்வு வந்த அதே 1977இல் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரு கரு இரட்டையர் 11 இணைகளில் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம். இரு கரு இரட்டையர் பத்தில் ஒன்றில்கூட இல்லை. மரபணுவின் பங்குக்கு இதையே எல்லாரும் காட்டுவார்கள். ஒருவருக்கு மட்டும் ஆட்டிசம் இருந்த 17 இணைகளில் 12இல், பாதிக்கப்பட்டவருக்கே பேறுகாலச் சிக்கல் போன்ற மூளையைத் தாக்கக்கூடிய இடர் நேர்ந்திருந்தது என்பதை அவ்வளவாக எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

சூழலின் பங்குக்குத் தெளிவான சான்று ருபெல்லா. கருவிலேயே அந்நோய் தொற்றிய 243 அமெரிக்கக் குழந்தைகளில் 10 பேருக்கு முழு ஆட்டிசத்தையும் 8 பேருக்குப் பகுதியளவிலும் 1971இல் ஸ்டெல்லா செஸ் பதிவுசெய்தார். தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளோருக்குத் தொடங்கியது. ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகள் தாயாகும்போது பிறக்கும் பிள்ளைகளை முந்தியோரோடு ஒப்பிட்டால் சூழலின் பங்கை அளக்கலாமே என்று தோன்றும். ஆனால் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம், 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் சேர்ந்தது. சான்றிதழுக்காக வரும் பெற்றோரும் அதே ஆண்டுகளில்தான் பெருகத் தொடங்கினர். நோய் குறைவதும் பதிவு கூடுவதும் ஒரே காலத்தில் நடந்தால், மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க இயலாது.