நயினாதீவுக் கல்வெட்டுக் காட்டும் கல்வி நெறி

யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள நயினாதீவிலே, நாகபூசணி அம்மன் ஆலயத்தில், தமிழ்க் கல்வெட்டொன்று உளது. ஆலயத்துக்குச் செல்லும் அடியார் பலர் அதனைக் கண்டிருப்பர். நின்று வாசித்தவர் சிலரே. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை அரசு செலுத்திய முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையே அக்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்குதல் வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியனவாகும். பிற சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் இருபாலார்க்கும் செம்பாதி. இதுவே அவ்வாணையின் சாரம். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. கலாநிதி கா. இந்திரபாலா இக்கல்வெட்டினை ஆராய்ந்து 1963 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் வெளியிட்டார்.

இச்சிறு கல் நமக்கு உணர்த்துவன பல. பொலன்னறுவை மன்னன் ஒருவன் வடபுலத் துறைமுகத்துக்குரிய சட்டத்தினைத் தமிழிலே பொறிப்பித்தான் என்றால், அத்துறையில் ஊடாடிய வணிகர்க்கு விளங்கிய மொழி தமிழ் என்பது போதரும். அம்மன்னன் யானையையும் குதிரையையும் தனியே பிரித்து, அவற்றைக் கொணர்வோர்க்குச் சலுகை மிகுதியும் அளித்தான். படைக்கு வேண்டிய விலங்குகள் கடல்வழி வந்தன என்பதும், அவற்றைக் கொணர்வாரை ஈர்க்க அவன் விரும்பினான் என்பதும் இதனாற் பெறப்படும்.

இக்கல்வெட்டினை இலங்கை வரலாற்றினுள் மாத்திரம் வைத்து நோக்கினால் அதன் பொருள் முற்றும் விளங்காது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், காகதிய மன்னன் கணபதிதேவன் ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் ஓர் அபய சாசனம் பொறிப்பித்தான். உடைந்த கலங்களின் பொருளைப் பறிமுதல் செய்த முன்னை மன்னரின் வழக்கத்தைத் தான் கைவிட்டு, உரிய சுங்கத்தை மாத்திரம் பெறுவதாக அவன் அதில் அறிவித்தான். அது 1244 ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. இங்கிலாந்திலோ 1275 ஆம் ஆண்டின் வெஸ்ற்மினிஸ்ரர்ச் சட்டம், உடைந்த கலத்திலிருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிருடன் தப்பினால் அப்பொருளை உடையவனுக்காக ஓராண்டும் ஒரு நாளும் பேணிவைத்தல் வேண்டும் என விதித்தது. ஊராத்துறை, மோட்டுப்பள்ளி, இங்கிலாந்து என்னும் மூன்று கரைகளிலும் ஒரே வினா எழுந்தது: கடல் கொண்டதன் எச்சம் யாருக்கு உரியது? மூன்று அரசுகளும் வெவ்வேறு விடை பகர்ந்தன. இவ்வாறு நாடுகளையும் கடற்பிரதேசங்களையும் ஒருங்கு வைத்து அவற்றின் தொடர்புகளை ஆராய்வதே இற்றை வரலாற்றுக் கல்வியின் சிறந்த துறைகளுள் ஒன்றாக விளங்குகின்றது.

நம்மவர்க்கு இக்கல்வியைப் பெறும் வாய்ப்பு எவ்வாறு இருந்தது? உயர்கல்வியை நாடிக் கடல் கடத்தல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல் தொடங்கிற்று. அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். பின்னர்க் கொழும்பில் 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. அங்குச் செல்ல இயலாதார் இலண்டன் வெளிவாரிப் பரீட்சைக்கு விளக்கொளியிற் படித்தனர். எனினும் அக்காலத்துப் பாடங்களில் இங்கிலாந்தின் வரலாறும் ஐரோப்பிய வரலாறும் பெற்ற இடத்தினை நமது கடல் பெறவில்லை. தன் ஊர்த் துறைமுகத்தை அறியாமலே தேம்சு நதியின் துறைகளை மனனஞ் செய்த மாணாக்கர் எத்துணையோ பேர்! இக்கட்டுரையாளனும் பட்டத்துக்கு வெளிவாரியாகவே பயின்றவன். நயினாதீவுக் கல்வெட்டினைப் பட்டம் பெற்ற பின்னரே வாசித்தவன்.

இக்குறையினை நீக்க முயன்றோருள் வண. தனிநாயகம் அடிகளார் தலைசிறந்தவர். 1913 இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்தவர் அவர். ஊராத்துறைக் கரையிலிருந்தே இக்கடற்கல்வியின் தூதுவர் தோன்றினார் என்பது நினைந்து மகிழத்தக்கது. 1952 இல் அவர் ஆங்கிலத்தில் ‘தமிழ்க் கல்சர்’ என்னும் இதழைத் தொடங்கினார். 1961 இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியற் பகுதிக்குத் தலைமை தாங்கச் சென்றார். 1964 தை மாதத்தில் புதுதில்லியில் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். அதன் மாநாடுகள் 1966 இல் கோலாலம்பூரிலும், 1968 இல் சென்னையிலும், 1970 இல் பாரிசிலும், 1974 இல் யாழ்ப்பாணத்திலும் நடைபெற்றன. யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி நாள் உயிரிழப்புகளால் துயர நாளாயிற்று.

அதே 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் நிறுவப்பட்டது. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வரலாறு கற்க விழைந்தார்க்கு வாயில் அண்மையிலேயே திறந்தது. 1977 இல் அல்லைப்பிட்டியில் யோன் காஸ்வெல் என்னும் ஆய்வாளர், சீனத்துச் சொங் காலத்து மட்கலங்களை அகழ்ந்து ஆராய்ந்தார். பதினோராம் நூற்றாண்டின் இறுதியையும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சார்ந்தவை அவை. அல்லைப்பிட்டியும் ஊர்காவற்றுறையும் வேலணைத் தீவு ஒன்றினுள்ளேயே அமைந்தவை என்பதனை நோக்குக. பராக்கிரமபாகுவின் ஆணைக்கு முன்னரே அத்தீவின் கரையைச் சீனப் பண்டம் அடைந்திருந்தது.

ஆயினும் 1981 ஆம் ஆண்டு வைகாசி இறுதி இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. நூல்களை மீள வாங்கலாம். ஒரே படியாக இருந்த ஏட்டினை யார் மீட்டுத் தருவார்? பின்வந்த போர்க்காலம் ஆசிரியரையும் மாணவரையும் நாடெங்கும் உலகெங்கும் சிதறடித்தது. ஆகவே, எஞ்சிய சான்றுகளைக் கற்கும் ஆற்றல் உடையாரை உருவாக்குதல் இத்தலைமுறையின் கடனாகும்.

அவ்வாற்றலுள் முதன்மையானது மொழியறிவு. 1911 இல் காலியிற் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்று சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியில் அமைந்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் கோ நாட்டிய அதன் காலம் 1409 ஆகும். சீனப்பகுதி புத்தருக்கும், தமிழ்ப்பகுதி தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய மரபுக்கும் காணிக்கை கூறுகின்றது. ஒரு மொழி மாத்திரம் அறிந்தவன் அக்கல்லின் மூன்றிலொரு கூற்றையே அறிவான். அதனையே முழுமையென மயங்கவுங் கூடும். சுமாத்திராவின் பாரூசில் 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், சீனத்தின் சுவான்சோ நகரில் 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் உள. அவற்றின் சூழலை அறியவும் பிறமொழி வேண்டும்.

நமது ஊரின் வரலாறே இதற்குச் சான்று. 1619 முதல் போர்த்துக்கேயரும், 1658 முதல் ஒல்லாந்தரும், 1795 முதல் பிரித்தானியரும் யாழ்ப்பாணத்தை ஆண்டனர். ஒல்லாந்தர் வேலணைத் தீவுக்கு இலெய்டன் எனவும், காரைதீவுக்கு அம்ஸ்ரடாம் எனவும் தம் நகரப் பெயர்களைச் சூட்டினர். நாகபட்டினத்தில் சிறீவிசய மன்னர் எடுப்பித்த விகாரைக்குச் சோழர் ஊர் அளித்ததைக் கூறும் செப்பேடுகளோ, அந்த ஒல்லாந்து நாட்டு இலெய்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தமையால், இலெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. யாழ்ப்பாணத்து ஒல்லாந்தர் கால ஆவணங்கள் கொழும்பிலும் ஹேக்கிலும் உள. அவற்றை வாசிக்க வல்ல தமிழர் எத்தனை பேர்?

இவ்விடத்து இடரே வாய்ப்பாகவும் மாறியுள்ளது. போரினாற் பெயர்ந்த நம்மவரின் மக்கள் இன்று ஒல்லாந்து, பிரெஞ்சு, யேர்மன், நோர்வே மொழிகளைப் பள்ளியிலேயே கற்றுள்ளனர். அவர்க்குத் தமிழும், இங்குள்ளார்க்கு அம்மொழிகளும் கைவந்தால், முன்னோர் கனவிலும் காணாத ஆய்வு கைகூடும். இலண்டனிலும், இலெய்டனிலும், சிங்கப்பூரிலும், கோலாலம்பூரிலும், புதுச்சேரியிலும் ஆசிய நாடுகளை ஆராயும் நிலையங்கள் உள.

மாணாக்கரே, அத்தொலை இடங்களுக்குச் செல்லுமுன் வீட்டிலேயே தொடங்குங்கள். உங்கள் பாட்டனார் மலாயாப் புகையிரதப் பகுதியிலிருந்து எழுதிய கடிதம் பழம் பெட்டகத்தில் இருக்கலாம். திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பிய கணக்குக் கொப்பியும் இருக்கலாம். கறையான் தின்னுமுன் அவற்றைப் படியெடுத்து, எழுதியவர் ஊரும் ஆண்டும் குறித்து வையுங்கள். அடுத்த விடுமுறையிற் குறிகட்டுவானில் வள்ளமேறி நயினாதீவு சென்று, வழிபாடு முடித்தபின், அக்கல்லின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். உடைந்த மரக்கலத்தின் பொருளிலும் ஒரு பங்கினை உடையவனுக்குக் காத்துவைத்த கரை இது. நமது வரலாறென்னும் கலமும் உடைந்துளது. அதன் எஞ்சிய பங்கினைக் காத்து உரியவரிடம் சேர்ப்பித்தல் நம் கடன்.