ஏர் இந்தியா கலைத்தொகுப்பு

ஏர் இந்தியா விமான நிறுவனம் 1950களின் நடுப்பகுதியிலிருந்து திரட்டிய ஓவியங்கள், சிற்பங்கள், மரச்செதுக்குகள், துணிவகைகள், பழைய கடிகாரங்கள் ஆகியவை அடங்கியது இத்தொகுப்பு. படைப்புகள் ஏறத்தாழ 4,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

டாட்டா ஏர்லைன்ஸ் என 1932இல் தொடங்கிய நிறுவனம் 1953இல் நாட்டுடைமையானது. ஜே.ஆர்.டி. டாட்டா 1978 வரை தலைவராக நீடித்தார். தொகுப்பின் தொடக்கத்தை 1956 என்று பெரும்பாலோர் குறிப்பர். பி. பிரபாவின் ஆறு ஓவியங்கள் தலா ரூ. 87.50க்கு வாங்கப்பட்டதே முதல் கொள்முதல்களில் ஒன்று என்பர். நெடிய உடலமைப்புடன் கிராமத்துப் பெண்களையும் மீனவப் பெண்களையும் தீட்டிய பிரபா அப்போது அதிகம் அறியப்படாத இளம் ஓவியர்.

வெளிநாட்டுப் பயணச்சீட்டு அலுவலகங்களின் சுவர்களை இந்தியக் கலையால் நிரப்புவதே உடனடி நோக்கம். தேர்ந்தெடுத்தவர்கள் அருங்காட்சியக வல்லுநர்கள் அல்லர், விளம்பரத் துறையினர். நிறுவனத்தின் மகாராஜா சின்னத்தை 1946இல் ஓவியர் உமேஷ் ராவுடன் உருவாக்கிய எஸ்.கே. கூகா, விளம்பரப் பிரிவின் ஜால் கவாஸ்ஜி ஆகியோரின் பெயர்கள் இதில் முதன்மையானவை. பம்பாயில் நவீன ஓவியம் வாங்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்க காலம் அது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக இயற்பியலாளர் ஹோமி பாபா வாங்கியது மற்றொரு விதிவிலக்கு. நவீன ஓவியர்கள் உசேன், கெய்டோண்டே, ரசா ஆகியோரின் படைப்புகளும் தொகுப்பில் சேர்ந்தன. சிலருக்குப் பணத்துக்குப் பதில் விமானப் பயணச்சீட்டு கொடுக்கப்பட்டதாகவும் கூறுவர். வெளிநாட்டு அருங்காட்சியகங்களை நேரில் காண ஏங்கிய இளம் ஓவியருக்கு அது காசோலையைவிடப் பயன்பட்டிருக்கக்கூடும்.

மிகுதியாகப் பேசப்படுவது 1967இல் நிறுவனத்துக்காக ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலி வடிவமைத்த சாம்பல் கிண்ணம். நடுவில் சிப்பி, விளிம்பைச் சுற்றிப் பாம்பு. தாங்கிகளில் உள்ள யானைத்தலையைத் தலைகீழாகப் பார்த்தால் அன்னமாகத் தெரியும். நீரில் அன்னங்களின் பிம்பம் யானைகளாகத் தோன்றும் அவரது 1937ஆம் ஆண்டு ஓவியத்தின் உத்தி இது. மெருகிடாத பீங்கானில் செய்யப்பட்ட கிண்ணங்கள் முதல் வகுப்புப் பயணிகளுக்குப் பரிசாகச் சென்றன. எத்தனை செய்யப்பட்டன என்பதில் ஒத்த கருத்தில்லை. 500 என்பது ஒரு கணக்கு. கூலியாக டாலி கேட்டது ஒரு யானைக்குட்டி. பெங்களூரில் பெறப்பட்ட குட்டி ஜெனீவாவுக்கு விமானத்திலும், அங்கிருந்து ஸ்பெயினின் கடாகேஸ் ஊருக்கு லாரியிலும் பாகனுடன் சென்றது. ஊரே விழாக்கோலம் பூண்டதாகச் செய்திகள் சொல்கின்றன. யானை பின்னர் பார்சிலோனா உயிரியல் பூங்காவுக்குப் போனது என்பர் சிலர், வலென்சியாவுக்கு என்பர் வேறு சிலர்.

மும்பை நரிமன் முனையில் நிறுவனத்தின் கட்டடம் 1974இல் எழுந்தபின் படைப்புகளில் பல அங்கே வைக்கப்பட்டன.

தொகுப்பிலிருந்த, ஓவியர் ஜதின் தாஸின் பறக்கும் அப்சரஸ் ஓவியம் காணாமற்போனது 2017இல் தெரியவந்தது. ஓவியம் பின்னர் திரும்பக் கிடைத்தது. அது காணாமற்போனதையொட்டித் தொகுப்பு முழுவதும் சரிபார்க்கப்பட்டது.

2022 ஜனவரியில் நிறுவனம் டாட்டா குழுமத்திடம் திரும்பியபோது கலைத்தொகுப்பு விற்பனையில் சேர்க்கப்படவில்லை. 2023இல் அது தேசிய நவீனக் கலைக்கூடத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தேர்ந்த சில படைப்புகள் அதன் மும்பைக் கிளையில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.