கிண்ணம் இல்லாத கிண்ணப் போட்டிகள்

(சற்று நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.)

அமெரிக்காவில் டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து புத்தாண்டு வரை பல்கலைக்கழக அணிகள் ஆடும் ஒரு வகைப் போட்டி உண்டு. 'பௌல்' ஆட்டங்கள் என்பார்கள். எமது உதைபந்தாட்டம் அல்ல. ரகர் பந்து போன்ற பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுகின்ற அமெரிக்கன் ஃபுட்போல். சில வருடங்களாக அங்கே ஒரு கேள்வி ஓயாமல் கேட்கப்படுகிறது. நட்சத்திர வீரர்கள் விலகிக் கொள்கிறார்கள், ரசிகர்கள் சலித்துக் கொள்கிறார்கள், பிறகு எதற்கு இந்த ஆட்டங்கள்?

விளையாட்டுச் செய்திதானே என்று கடந்து போகலாம். ஆனால் உழைப்பவனுக்கும், அந்த உழைப்பைக் காட்டிப் பணம் பார்ப்பவனுக்கும் இடையிலான கணக்கு ஒன்று இதற்குள் இருக்கிறது. அதனால் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

கலிபோர்னியாவின் பசடீனா நகரில் 1890 முதல் புத்தாண்டு மலர் விழா நடந்து வந்தது. பனியில் நடுங்கும் கிழக்குப் பகுதி மக்களுக்கு, 'எங்கள் ஊரில் இப்போதும் பூப் பூக்கிறது' என்று காட்டுவதுதான் நோக்கம். அந்த விழாவுக்குக் கூட்டம் சேர்க்க 1902 ஜனவரி 1 இல் ஓர் ஆட்டத்தை வைத்தார்கள். மிச்சிகன் 49–0 என்று ஸ்டான்போர்டை நொறுக்கியது. ஆட்டம் முடிய 8 நிமிடங்கள் இருக்கும்போதே ஸ்டான்போர்ட் 'போதும்' என்று கைவிட்டது. ஏற்பாட்டாளர்களுக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. சில வருடங்கள் தேரோட்டப் பந்தயம் வைத்துப் பார்த்தார்கள். 1916 இல்தான் ஃபுட்போல் திரும்பி வந்தது.

'பௌல்' என்றால் கிண்ணம். கிண்ணம் என்றதும் எமக்கு உலகக் கிண்ணம்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. 1914 இல் யேல் பல்கலைக்கழகம் கிண்ண வடிவில் ஒரு மைதானம் கட்டியது. அதைப் பார்த்து 1922 இல் பசடீனாவிலும் ஒன்று எழும்பியது. அதுவே ரோஸ் பௌல். மைதானத்தின் பெயர் ஆட்டத்துக்கும் ஒட்டிக் கொண்டது. 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் தவித்த மற்ற நகரங்களும் இந்த வழியைப் பிடித்தன. மியாமியில் ஒரேஞ்ச் பௌல், நியூ ஓர்லியன்ஸில் சுகர் பௌல், டலஸில் கொட்டன் பௌல். ஹோட்டல் நிரம்ப வேண்டும், கடையில் வியாபாரம் நடக்க வேண்டும். ஆக, பிறப்பிலேயே இவை சம்பியன் பட்டத்துக்கான போட்டிகள் அல்ல.

'பட்டம் இல்லாத ஆட்டத்துக்கு என்ன பெறுமதி' என்ற கேள்வியும் புதிதல்ல. நோட்டர் டேம் பல்கலைக்கழகம் 1925 இல் ரோஸ் பௌலை வென்றது. அதன் பிறகு 1970 வரை எந்த பௌல் ஆட்டத்துக்கும் போகவில்லை. 'வேண்டாம்' என்பதே அதன் கொள்கை. மத்திய மேற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த பிக் டென் அமைப்பும் 1946 வரை கால் நூற்றாண்டு தன் அணிகளைத் தடுத்து வைத்திருந்தது. இன்னொன்று: பத்திரிகையாளர்கள் வாக்களித்துச் சம்பியனைத் தெரிவு செய்த காலத்தில், 1960களின் பிற்பகுதி வரை, ஓரிரு தடவைகள் தவிர, இறுதி வாக்கெடுப்பு பௌல் ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிடும். சம்பியன் யார் என்று தெரிந்த பிறகும் மக்கள் ரயில் ஏறிப் போய்ப் பார்த்தார்கள்.

ஏன்? அந்த ஒரு நாளில் வேறு ஏதோ ஒன்று தீர்மானமானது. 1926 ரோஸ் பௌலில் அலபாமா 20–19 என்று வொஷிங்டனை வென்றபோது, தென் மாநிலங்களின் ஆட்டத்தை இளக்காரமாகப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1956 சுகர் பௌல் இன்னும் பெரிய கதை. பிட்ஸ்பர்க் அணியில் பொபி கிரியர் என்ற கறுப்பின வீரர் இருந்தார். அவர் இருக்கும் அணியுடன் ஜோர்ஜியா டெக் ஆடக்கூடாது என்று ஜோர்ஜியா ஆளுநர் மார்வின் கிரிஃபின் முரண்டு பிடித்தார். ஜோர்ஜியா டெக்கின் வெள்ளையின மாணவர்களே வீதியில் இறங்கி எதிர்த்தார்கள். ஆட்டம் நடந்தது. கிரியர் ஆடினார். சுகர் பௌலில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர்தான். பிட்ஸ்பர்க் 7–0 என்று தோற்றது. ஆனால் அந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் புள்ளியைப் பற்றிப் பேசுவதில்லை.

அப்படியானால் இன்று என்ன மாறியது?

முதலாவது, ஒரே பட்டம் எல்லாவற்றையும் விழுங்கியது. 2014 பருவத்தில் 4 அணிகளின் நொக்அவுட் சுற்று வந்தது. 2024 இல் அது 12 ஆனது. அதற்கு வெளியே இருக்கும் ஆட்டங்கள் ஆறுதல் பரிசு போலாகிவிட்டன. 2023 இல் ஒரு தோல்வியும் காணாத புளோரிடா ஸ்டேட் அணி 4 பேருக்குள் எடுக்கப்படவில்லை. ஒரேஞ்ச் பௌலுக்கு அனுப்பினார்கள். 20க்கு மேற்பட்ட வீரர்கள் இல்லாமல் போய் 63–3 என்று ஜோர்ஜியாவிடம் தோற்றது. 2025 டிசம்பரில் 12க்குள் இடம் கிடைக்காத நோட்டர் டேம், வேறு பௌல் ஆட்டமே வேண்டாம் என்றது. நூறு வருடங்களுக்கு முந்திய அதே பதில், காரணம் மட்டும் வேறு.

இரண்டாவது, வீரன் தன் உடம்பின் விலையை அறிந்து கொண்டான். 2016 ஜனவரி 1, பியெஸ்டா பௌல். நோட்டர் டேமின் ஜெய்லன் ஸ்மித்தின் முழங்காலில் தசைநார்கள் கிழிந்தன. தொழில்முறை அணிகளின் தெரிவில் முன்வரிசையில் போக வேண்டியவர் 34 ஆவது இடத்துக்கு இறங்கினார். அந்த வருடக் கடைசியிலேயே லெனர்ட் ஃபோர்னெட்டும் கிறிஸ்டியன் மெக்கஃப்ரியும் 'நாங்கள் ஆடவில்லை' என்றார்கள். அன்று தொடங்கியது இன்று வழக்கமாகிவிட்டது. டிசம்பரில் அணி மாறும் காலமும் சேர்ந்து கொள்ள, 2024 இல் மார்ஷல் பல்கலைக்கழகம் ஆட்களே போதாமல் தன் பௌல் ஆட்டத்திலிருந்து விலகியது.

'விசுவாசம் இல்லாத பிள்ளைகள்' என்று திட்டுபவர்களிடம் நாம் ஒன்று கேட்கலாம். 2009 இல் தோல்வியே காணாத சின்சினாட்டி அணியை சுகர் பௌலுக்கு முன்பே விட்டுவிட்டு, பயிற்சியாளர் பிரையன் கெலி பெரிய வேலைக்குப் போனார். அது 'முன்னேற்றம்' எனப்பட்டது. பெரியவர் போனால் முன்னேற்றம், பிள்ளை போனால் துரோகமா? தொலைக்காட்சியும் அனுசரணையாளரும் பயிற்சியாளரும் சம்பாதித்த அதே ஆட்டத்தில், 2021 வரை வீரனுக்குப் புலமைப்பரிசிலுக்கு மேல் தன் பெயரால்கூட ஒரு சதம் உழைக்க அனுமதி இருக்கவில்லை.

அப்படியென்றால் பௌல் ஆட்டம் செத்துவிட்டதா? இல்லை என்றே நாம் நினைக்கிறோம். கல்லூரியில் ஆடும் நூறு பேரில் இரண்டு பேர்கூடத் தொழில்முறைக்குப் போவதில்லை. மீதிப் பேருக்கு அந்தச் சீருடையை அணியும் கடைசி நாள் அதுதான். 2007 இல் பொய்சி ஸ்டேட் என்ற சிறிய அணி, பியெஸ்டா பௌலில் ஒக்லஹோமாவை மேலதிக நேரத்தில் 43–42 என்று சாய்த்தது. அந்த ஊருக்கு அதைவிடப் பெரிய பட்டம் எது?

ஆடியவனுக்கும் பார்த்தவனுக்கும் அந்த நாளின் பெறுமதி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையின் முழங்காலைப் பணயம் வைத்துப் பெறுமதியைக் காப்பாற்றச் சொல்லும் உரிமை எமக்கு இல்லை. ஆடுபவன் விரும்பி ஆடட்டும். விலகுபவன் தலைநிமிர்ந்து விலகட்டும்.

பிள்ளைகளின் திறமையைக் காட்டிக் கூட்டம் சேர்க்கும் எவரும், பெற்றோரும் நாமும் உட்பட, யோசிக்க வேண்டிய விடயம் இது. உங்கள் அபிப்பிராயத்தையும் எழுதுங்கள்.