சாய்ந்ததை நிமிர்த்தும் உலோகம்

திருப்பனந்தாள் கோயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாடகை என்கிற பக்தை மாலை சாத்தும்போது சேலை நழுவ, அவள் சங்கடம் தீரட்டும் என்று லிங்கமே தலை சாய்த்ததாம். நிமிர்த்தப் பார்த்தான் சோழ ராஜா. யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை. குங்குலியக் கலய நாயனார் வந்தார். லிங்கத்தில் கட்டிய கயிற்றைத் தன் கழுத்தில் பூட்டி இழுத்தார். நிமிர்ந்துவிட்டது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள்ளும் ஏறக்குறைய இதே கதைதான். உடம்புத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தம் ஒரு திசையில் நிறுத்துகிறது. ரேடியோ அலை அவற்றைச் சாய்க்கிறது. அலை நின்றதும் மெல்ல நிமிர்கின்றன. நிமிரும் வேகம் இடத்துக்கு இடம் மாறும். அந்த வித்தியாசம் படத்தில் தெரியும். படம் பிடிக்க 1973ல் வழி சொன்னவர் அமெரிக்கர் பால் லாட்டர்பர். 'நேச்சர்' பத்திரிகை முதலில் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது! 2003ல் அதற்கே நோபல் பரிசு.

சரி, உறுப்பின் உருவம் தெரிந்தால் போதுமா? அது வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டாமா? 1978ல் லாட்டர்பர் குழு நாய்களுக்கு மாங்கனீஸ் உப்பைச் செலுத்தியது. நல்ல இதயத் தசை அதை உறிஞ்சிக்கொள்ள, அங்கே அணுக்கருக்கள் சட்டென்று நிமிர்ந்தன. ரத்தம் போகாத தசையில் அந்த வேகம் இல்லை. நாயனார் வேலையைச் செய்ய ஓர் உலோகம் கிடைத்துவிட்டது.

அதைவிடக் கெட்டிக்கார உலோகம் கடோலினியம். அதன் அயனியில் ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் ஏழு. ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம். ஒரே தொல்லை, தனியாக விட்டால் விஷம். கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜெர்மனியின் ஷெரிங் கம்பெனி அதை ஒரு மூலக்கூறுக் கூண்டில் அடைத்து, 1988ல் 'மேக்னவிஸ்ட்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. (1909ல் திருவிதாங்கூர் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்த ஷோம்பர்கும் ஜெர்மானியர்தான். நம் மணவாளக்குறிச்சியிலும் கிடைக்கிற அந்த மோனசைட்டில் கடோலினியமும் கொஞ்சம் உண்டு.)

ஊசியில் போன உலோகம், சிறுநீரகம் வழியே கூண்டோடு வெளியேற வேண்டும். சிறுநீரகம் ஒழுங்காக இருந்தால்தானே? டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குத் தோல் மரக்கட்டை மாதிரி இறுகியது. கை காலை மடக்க முடியவில்லை. சிலர் இறந்தே போனார்கள். 1997லிருந்து டாக்டர்களைக் குழப்பிய வியாதி. 2006ல்தான் ஆஸ்திரிய டாக்டர் குரோப்னர் கடோலினியத்தைக் கைகாட்டினார்.

கூண்டிலும் இரண்டு தினுசு. திறந்த சங்கிலி போன்றது உலோகத்தை நழுவவிடும். மூடிய வளையம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பா 2017ல் சங்கிலி வகைகள் பலவற்றை நிறுத்திவைத்தது.

ஸ்கேன் சென்டரில் ஊசிக்கு முன்னால் 'கிரியாட்டினின் எவ்வளவு?' என்று கேட்பது இதற்காகத்தான். கேட்கவில்லையா, கிட்னி கோளாறு இருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். எந்தக் கூண்டு என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.