தந்தை தந்ததும் தாய் தந்ததும்

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் குழந்தை பிறந்தால், ஊரிலிருந்து வரும் பாட்டி முதலில் ஆராய்வது மூக்கு யாருடையது என்பதைத்தான். இரு வீட்டாருக்கும் அதில் வழக்கு உண்டு. விஞ்ஞானிகளோ, மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆராய்ச்சியை அடியொற்றி, ஒரு மரபணு தாய்வழி வந்தாலும் தந்தைவழி வந்தாலும் அதன் வேலை ஒன்றே என்று கொண்டிருந்தனர். இவ்விதிக்கு விலக்கு உண்டென்று காட்டிய உயிர்களுள் ஒன்று, நாம் செம்பருத்திச் செடியில் கண்டு முகஞ்சுளிக்கும் மாவுப்பூச்சி.

இதன் ஆண் கருவில் தந்தை தந்த குரோமசோம்கள் அத்தனையும் சுருண்டு ஓய்ந்துவிடுகின்றன. அவ்வாண் வளர்ந்தபின் தன் மக்களுக்கு ஈவது, தான் தாயிடம் பெற்றதை மட்டுமே. பெண் கருவில் இரண்டும் வேலை செய்கின்றன! அமெரிக்காவில் ஸ்பென்சர் பிரவுன் இதனைத் துருவி ஆராய்ந்தார். அவருடன் ஆராய்ந்த எச். சரத் சந்திரா, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அப்பணியைத் தொடர்ந்தார். 1975-இல் இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, பாலூட்டிகளின் எக்ஸ் குரோமசோமையும் 'முத்திரை' என்னும் கருத்தைக் கொண்டு விளக்க முற்பட்டது.

அச்சொல்லை 1960-இல் வேறொரு பூச்சியினத்தை ஆராய்ந்த ஹெலன் கிரௌஸ் வழங்கினார். கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு அது எளிதில் விளங்குகிறது: கடிதத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை, மேலே விழுந்த முத்திரைதான் அதனைப் படிப்பதா, மூடி வைப்பதா என்று தீர்மானிக்கிறது.

1984-இல் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானி குழுவினரும், அமெரிக்காவில் மெக்ராத், சோல்ட்டர் இருவரும் சுண்டெலிக் கருக்களில் இதனைச் சோதித்தனர். தாய்வழித் தொகுதி இரண்டு பெற்ற கருவில் நஞ்சுக்கொடி நலிந்தது. தந்தைவழித் தொகுதி இரண்டு பெற்றதில் நஞ்சுக்கொடி செழித்தும் கரு தேறவில்லை. இரண்டுமே பிறக்கும் வரை பிழைக்கவில்லை.

மனிதக் குழந்தைக்கும் இது பொருந்தும். பதினைந்தாம் குரோமசோமில் ஒரு துண்டு தந்தைவழிப் பிரதியில் குறைந்தால் பிராடர்-வில்லி நோய்: துவண்டு பிறக்கும் குழந்தை, பின்னர் அடங்காப் பசியில் அவதியுறும். அதே துண்டு தாய்வழிப் பிரதியில் குறைந்தால் ஏஞ்சல்மன் நோய்: பேச்சு வராது, நடை தள்ளாடும், அடிக்கடி சிரிப்பு வரும். முன்னதைப் பெருந்தீனி என்று வைது, சமையலறையைப் பூட்டிய பெற்றோர் எத்தனை பேரோ! அத்துண்டு குறைவது பெரும்பாலும் புதிதாக நேர்வது. தாயிடமோ தந்தையிடமோ முன்பு இருந்ததன்று. மருத்துவர் இன்று குழந்தையின் இரத்தத்தில் அந்த முத்திரையைச் சோதித்தே நோயை அறிகின்றனர்.