யார் இந்த யால்டா ஹக்கிம்? லைவ்வில் வந்த தாலிபான் போன் கால் முதல் பாக். அமைச்சர் பேட்டி வரை!

2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாட்களில் ஒரு பேட்டி இந்தியா முழுக்க வைரல் ஆனது. பயங்கரவாத அமைப்புகளை ஆதரித்து, பயிற்சியும் பணமும் கொடுத்த நீண்ட வரலாறு பாகிஸ்தானுக்கு உண்டுதானே என்று கேட்டார் ஸ்கை நியூஸ் தொகுப்பாளர். அமெரிக்காவுக்காகவும் மேற்கு நாடுகளுக்காகவும் சுமார் 30 ஆண்டுகள் அந்த மோசமான வேலையைச் செய்தோம், அது தவறு என்றார் பாதுகாப்பு அமைச்சர் குவாஜா ஆசிப். கேள்வி கேட்டவர்தான் யால்டா ஹக்கிம்.

குதிரையில் தப்பிய குடும்பம்

1983-ல் காபூலில் பிறந்தவர். நாடு அப்போது சோவியத் படைகளின் பிடியில் இருந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது குடும்பம் குதிரையில் எல்லை தாண்டி பாகிஸ்தான் போனது. 1986-ல் ஆஸ்திரேலியாவில் குடியேறியது. ஆசிப் 'தவறு' என்று சொன்னதில் அந்த ஆப்கன் போரும் உண்டு. அந்தப் போரில் ஊரை இழந்த குடும்பத்துப் பெண்தான் கேள்வி கேட்டார்.

எஸ்பிஎஸ் டூ ஸ்கை நியூஸ்

ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் சேனலில் 'டேட்லைன்' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். பிறகு லண்டன் போய் பிபிசி வேர்ல்ட் நியூஸில் சுமார் பத்து ஆண்டுகள். 2023 முதல் ஸ்கை நியூஸ்.

இத்தனை மொழி எதுக்கு?

ஆங்கிலம், தாரி, பஷ்தோ, உருது, இந்தி தெரியும். தாரியும் பஷ்தோவும் ஆப்கானிஸ்தானின் முக்கிய மொழிகள். ஆனா, இவரது பிரபலமான பேட்டிகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். அப்புறம் மொழியால் என்ன பயன்? களத்தில் அதிகாரி இங்கிலீஷ் பேசுவார், அகதி முகாமில் இருக்கும் அம்மா பேச மாட்டார். மொழிபெயர்ப்பாளர் நடுவில் நின்றால் பதிலில் உள்ள தயக்கமும் பயமும் காணாமப் போயிடும்.

ஸ்பீக்கரில் போட்ட போன்

2021 ஆகஸ்ட் 15. காபூல் தாலிபான் கைக்குப் போன நாள். பிபிசியில் யால்டா நேரலையில் இருந்தபோது அவரது செல்போன் அடித்தது. அழைத்தவர் தாலிபான் செய்தித் தொடர்பாளர் சுஹைல் ஷாஹீன். உடனே ஸ்பீக்கரில் போட்டு, மைக் பக்கம் பிடித்து, அரை மணி நேரத்துக்கு மேல் கேள்விகளை அடுக்கினார். யாரையும் பழிவாங்க மாட்டோம், பெண்களுக்குப் படிப்பும் வேலையும் உண்டு என்றார் ஷாஹீன்.

அந்த வாக்குறுதி என்ன ஆச்சு?

2022 மார்ச்சில் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் மாணவிகளுக்குப் பள்ளி திறக்கவில்லை. அந்த டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் மூடப்பட்டது. லைவ்வில் கேட்ட கேள்வியால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனா, 'நாங்க அப்படிச் சொல்லவே இல்லை' என்று இனி யாரும் மறுக்க முடியாது. ஆப்கன் மாணவிகளின் படிப்புக்காக 2018-ல் தன் பெயரில் ஒரு அறக்கட்டளையையும் தொடங்கியவர் யால்டா. அதன் தேவை இப்போது முன்பைவிட அதிகம்.