இயேசு சபை அகதிகள் பணி (தமிழ்நாடு)

இயேசு சபை அகதிகள் பணி என்பது கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையின் ஏதிலியர் உதவி அமைப்பு ஆகும். வியட்நாமிலிருந்து படகுகளில் வெளியேறிய மக்களின் துயர் கண்டு, அன்றைய சபைத் தலைவர் பேதுரு அருப்பே 1980-இல் இதனைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் இது 1990 முதல் இலங்கைத் தமிழ் அகதிகளிடையே இயங்கி வருகிறது. சமய வேறுபாடு பாராது, முகாம் பிள்ளைகளின் கல்விக்கு உதவுவது இதன் முதன்மைப் பணியாகும்.

அரசியலின் தாக்கம்

1983 கலவரத்துக்குப் பின் வந்த அகதிகளைத் தமிழகம் பரிவுடன் ஏற்றது. 1991-இல் இராசீவ் காந்தி கொல்லப்பட்டதும் அந்நிலை மாறியது. முகாம்களின் மீது காவல் கடுமையானது. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் செல்வதற்கும் அரசு தடை விதித்தது. பின்னர் இக்கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன.

2021-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர் வாழ்ந்தனர். திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டியிலும் முகாம் உண்டு. அதே ஆண்டில் இவை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள்' எனப் பெயர் மாற்றப்பட்டன.

குடியுரிமைச் சிக்கல்

பெயர் மாறினாலும் சட்டநிலை மாறவில்லை. 1987 சூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தோர் பிறப்பால் குடிமக்கள் ஆவர். அதன்பின் பிறந்தோருக்குப் பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படுகிறது. எனவே இங்கேயே பிறந்து, இங்கேயே பட்டம் பெற்ற முகாம் இளைஞர் பலர் அயலாராகவே உள்ளனர். அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. இந்நிலையில் படிப்பை இடையில் நிறுத்தும் மாணவரைத் தேற்றுவது மாலை வகுப்பு ஆசிரியருக்கு எளிதன்று.

2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த இந்துக்கள், கிறித்தவர்கள் உள்ளிட்டோருக்கு வழிவிட்டது. அப்பட்டியலில் இலங்கை இல்லை. ஆதலால் முகாம்களில் உள்ள இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இச்சட்டத்தால் பயன் இல்லை.